நிபா அச்சம்: களியக்காவிளை எல்லையில் தெர்மல் ஸ்கேனரிடம் சிக்காதது என்ன? மருத்துவமனை சமூகப் பணியாளர்கள் ஏன் அவசியம்?

கேரளாவில் நிபா என்று டிவியில் பிரேக்கிங் ஓடினால் போதும். ஓரிரு நாளில் களியக்காவிளையிலிருந்து ஒரு படம் வந்துவிடும். முகக்கவசம் போட்ட சுகாதார ஊழியர், பஸ்ஸிலும் காரிலும் வருகிறவர்களின் நெற்றிக்கு நேராக ஒரு கருவியைப் பிடித்திருப்பார். காய்ச்சல் இல்லை என்றால் 'போகலாம்'. வண்டி நாகர்கோவில் பக்கம் கிளம்பிவிடும்.

2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா உறுதியானபோது, கன்னியாகுமரி உள்ளிட்ட எல்லை மாவட்டங்களில் கண்காணிப்பைக் கூட்டச் சொன்னது தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை. 2024 ஜூலையில் மலப்புரத்தில் 14 வயது சிறுவன் இறந்தபோதும் அதே உத்தரவு வந்தது. இது தேவையான வேலைதான். ஆனா அந்தக் கருவியால் கண்டுபிடிக்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறது: பயத்தில் மறைக்கப்பட்ட உண்மை.

அந்த உண்மையை வெளியே கொண்டுவருகிற ஆட்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லாரையும் தெரியும். மருத்துவமனை சமூகப் பணியாளர் என்றால்? 'அப்படி ஒருத்தர் இருக்காங்களா?' என்றுதான் பலரும் கேட்பார்கள்.

யார் அவர்கள்? தொற்றுநோய் நேரத்தில் என்ன செய்கிறார்கள்? களியக்காவிளை மாதிரி ஒரு எல்லை ஊருக்கு அவர்கள் ஏன் கூடுதலாகத் தேவை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நிபா ஏன் இவ்வளவு பதற்றம் தருகிறது?

நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களில் இருக்கிறது. 1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகள் வழியாக மனிதர்களுக்குப் பரவியபோதுதான் முதன்முறையாக அடையாளம் காணப்பட்டது. அங்குள்ள சுங்கை நிபா என்ற ஊரின் பெயர்தான் வைரஸுக்கும் வந்தது.

பாதிக்கப்படுகிறவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் வரை இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மனிதர்களுக்கு அனுமதி பெற்ற தடுப்பூசி இல்லை. காய்ச்சல், தலைவலியில் தொடங்கி மூளையைத் தாக்கும். சிலருக்கு மூச்சுத்திணறலும் வரும்.

கொரோனா அளவுக்கு வேகமாக இது ஊரெல்லாம் பரவுவதில்லை. நோயாளியோடு நெருங்கிப் பழகுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் தொற்றுகிறது. சிக்கலே அங்கேதான். நோயாளியோடு நெருங்கிப் பழகுவது யார்? பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுகிற அம்மா, வாந்தியைத் துடைக்கிற மனைவி, கையைப் பிடித்து ஸ்கேனுக்குக் கூட்டிப் போகிற தம்பி, ஊசி போடுகிற நர்ஸ். பாசம் எந்த வழியாகப் போகிறதோ, அதே வழியில்தான் வைரஸும் போகிறது.

இந்தியாவில் முதன்முதலில் நிபா பரவியது 2001இல், மேற்கு வங்கத்தின் சிலிகுரியில். 66 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. அவர்களில் பெரும்பகுதியினருக்கு மருத்துவமனையில் வைத்தே தொற்று ஏற்பட்டது. மருத்துவ ஊழியர்கள், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள், கூட நின்றவர்கள்.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் 'கூட நிக்க' ஒரு ஆள் இல்லாமல் யாரையும் சேர்ப்பதே கஷ்டம். சாப்பாடு வாங்கவும், மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடவும், ஸ்ட்ரெச்சர் தள்ளவும் வீட்டு ஆள்தான் வேண்டும். ஒரு தொற்றுநோய் வந்ததும் இந்த ஏற்பாடு மொத்தமும் ஒரே நாளில் ஆபத்தாக மாறிவிடுகிறது.

காய்ச்சல் பார்க்கிற கருவிக்கு எட்டாதது எது?

நிபா வைரஸ் உடலுக்குள் போன பிறகு அறிகுறி தெரிய பொதுவாக 4 முதல் 14 நாள் வரை ஆகும். கேரளாவில் தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் கண்காணிப்பில் வைப்பதும் இதனால்தான். அந்த நாட்களில் ஒருவர் களியக்காவிளை செக்போஸ்ட்டைக் கடந்தால் அவருக்குக் காய்ச்சலே இருக்காது. கருவி பச்சை விளக்கு காட்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தாலும் அதே கதைதான்.

அப்படியானால் அவரை யார் கண்டுபிடிப்பது? அவரேதான். 'நான் அந்த ஆஸ்பத்திரியில மூணு நாள் கூட நின்னேன். இப்ப உடம்பு ஒரு மாதிரியா இருக்கு' என்று அவராகச் சொன்னால்தான் உண்டு.

அவர் சொல்வாரா? வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் மனசுக்குள் மூன்று கேள்விகள் ஓடும்.

• என் பேரு வெளிய வருமா? ஊரு என்னைப் பத்தி என்ன பேசும்?
• 21 நாள் வீட்டுக்குள்ள இருந்தா கூலி யார் தருவாங்க? பிள்ளைகளை யார் பாப்பாங்க?
• என்னைக் கொண்டுபோனா வீட்டு ஆளுகளைத் திரும்பப் பார்ப்பேனா?

பேர், பிழைப்பு, பிரிவு. இந்த மூன்றுக்கும் நம்பகமான பதில் கிடைத்தால் ஆள் பேசுவார். கிடைக்காவிட்டால் போனை அணைத்துவிட்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடிக் கொடுப்பதுதான் மருத்துவமனை சமூகப் பணியாளரின் வேலை.

யார் இந்த சமூகப் பணியாளர்கள்?

இது புதிய வேலை இல்லை. 1895இல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்பவர் இந்தப் பணியைத் தொடங்கினார். 1905இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ரிச்சர்ட் கபோட் இதற்காகத் தனிப் பிரிவே ஏற்படுத்தினார். காசநோய் வந்த ஏழைக்கு 'நல்ல காத்து, நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு' என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதுமா? அந்த மூன்றும் அவருக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் இந்தத் துறை.

இந்தியாவில் 1946இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். தமிழ்நாட்டில் 1952இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் சமூகப் பணிக் கல்லூரி உட்படப் பல கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. படிப்பு இருக்கிறது. அதில் மருத்துவம், மனநலம் சார்ந்த சமூகப் பணி ஒரு தனிப் பிரிவு.

மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறை, மனநலத் துறைகளில் இவர்களுக்குப் பணியிடங்கள் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்திலும் மனநல சமூகப் பணியாளர் ஒருவர் இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட பெரிய அரசு மருத்துவமனை என்றால் ஆசாரிப்பள்ளம் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான்.

டாக்டர் நோயைப் பார்க்கிறார். சமூகப் பணியாளர், அந்த நோய் ஒரு குடும்பத்துக்குள் புகுந்து என்னென்னவற்றை உடைக்கிறது என்று பார்க்கிறார்.

2018 கோழிக்கோடு: நடந்தது என்ன?

நிபா நேரத்தில் இந்த வேலையின் அவசியத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியது 2018ஆம் ஆண்டு கோழிக்கோடு.

அந்த ஆண்டு மே 5ஆம் தேதி ஒரு இளைஞர் காரணம் தெரியாமலேயே கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார். பிறகு அதே குடும்பத்தில் அடுத்தவருக்கும் அதே அறிகுறிகள் வந்தபோதுதான் தனியார் மருத்துவமனை ஒன்றின் டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. மாதிரிகள் மணிப்பால் ஆய்வகத்துக்குப் போயின. நிபா என்று தெரியவந்தது.

அதற்குள் மருத்துவமனை வராந்தாவிலும் ஸ்கேன் அறை வாசலிலும் காத்திருந்தவர்களுக்குத் தொற்று போய்ச் சேர்ந்திருந்தது. ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 18 பேர். முதலில் இறந்த இளைஞரையும் சேர்த்து அரசு சொன்ன மரணக் கணக்கு 17. பிழைத்தவர்கள் 2 பேர் மட்டுமே.

இறந்தவர்களில் ஒருவர் பேராம்பிரா தாலுகா மருத்துவமனை நர்ஸ் லினி. முதல் நோயாளியைக் கவனித்தவர். மே 21ஆம் தேதி இறந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். தனிமை வார்டிலிருந்து கணவருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்து நாடே கலங்கியது. குடும்பத்தினர் அவர் உடலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை.

அதே நேரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. பேராம்பிரா மருத்துவமனை நர்ஸுகளை ஆட்டோவில் ஏற்ற மறுக்கிறார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள் என்று. கோழிக்கோட்டில் சுடுகாட்டு ஊழியர்கள் சிலர் உடலை எரிக்கத் தயங்கினார்கள். மாநகராட்சியின் சுகாதார அலுவலராக இருந்த டாக்டர் ஆர்.எஸ்.கோபகுமார் தாமே முன்னின்று இறுதிச் சடங்குகளை நடத்த வேண்டிய நிலை வந்தது.

இந்தப் பயத்துக்கு நடுவிலும் தொடர்பில் இருந்த 2,000க்கும் மேற்பட்டவர்கள் கண்டறியப்பட்டு, வீட்டிலேயே கண்காணிக்கப்பட்டார்கள். எப்படி முடிந்தது?

• தினமும் போன் போனது. காய்ச்சல் இருக்கா என்று மட்டும் கேட்கவில்லை. தூக்கம் வருதா, பயமா இருக்கா, வீட்டில் சாமான் இருக்கா என்றும் விசாரித்தார்கள்.
• கண்காணிப்பில் இருந்த குடும்பங்களுக்கு அரிசி உள்ளிட்ட பொருட்கள் அடங்கிய கிட் வீட்டுக்கே போனது.
• மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர்கள் நோயாளிகளின் குடும்பங்களோடு பேசினார்கள்.
• லினியின் கணவருக்கு அரசு வேலை கொடுக்கப்பட்டது. 'வேலை செய்து செத்தால் குடும்பத்தைக் கைவிட மாட்டோம்' என்று மற்ற ஊழியர்களுக்கும் இது ஒரு செய்தியாக இருந்தது.

கவனியுங்கள், இதில் ஒன்றுகூட மருந்து இல்லை. ஆனால் அடுத்த நோயாளியைக் காலத்தில் கண்டுபிடிக்க உதவியவை இவைதான். 2020இல் கொரோனா வந்தபோது இதே அனுபவத்தை வைத்து, 'ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு' என்ற பெயரில் மாநிலம் முழுக்க மனநல ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கியது கேரளா. 'நீங்கள் தனியாக இல்லை, நாங்கள் கூட இருக்கிறோம்' என்பது அதன் பொருள்.

தனிமை வார்டுக்கு வெளியே என்ன வேலை?

ஒரு உதாரணம் சொல்கிறோம். கற்பனைதான், ஆனால் தொற்றுநோய் காலத்தில் எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடியது.

அம்மாவைத் தனிமை வார்டுக்குள் கொண்டு போகிறார்கள். மகள் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். 'எனக்க அம்மைக்கு எப்படி இருக்கு சாரே?' என்று வருகிற போகிற எல்லாரிடமும் கேட்கிறாள். கவச உடைக்குள் இருப்பவர் டாக்டரா, நர்ஸா, துப்புரவுப் பணியாளரா என்றுகூடத் தெரியவில்லை. யாரும் நின்று பதில் சொல்ல நேரம் இல்லை. ஒரு பகல், ஒரு ராத்திரி. மறுநாள் காலையில் அவள் வாட்ஸ்அப்பில் வருகிற வதந்தியை நம்பத் தொடங்குகிறாள். 'உள்ள போனா திரும்பி வர மாட்டாங்களாம்.' அடுத்து அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவாளா?

இந்த இடத்தில் ஒரு சமூகப் பணியாளர் இருந்தால் செய்யக்கூடியவை இவை.

1. தினமும் குறித்த நேரத்தில் தகவல். காலை 11 மணி என்று சொன்னால் 11 மணிக்கு போன் வர வேண்டும். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, ஒரே ஆள், ஒரே குரல்.

2. வீடியோ கால். 2003இல் கனடாவின் டொரோண்டோவில் சார்ஸ் பரவியபோது மருத்துவமனைகளில் பார்வையாளர்களுக்குத் தடை போட்டார்கள். அங்கு சமூகப் பணியாளர்கள் குடும்பங்களோடு பேச போனையே நம்ப வேண்டியிருந்தது. இன்று கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஒரு டேப்லெட்டை உறையில் போட்டு உள்ளே அனுப்பினால் அம்மா முகத்தைப் பார்த்துவிடலாம்.

3. வீட்டு நிலவரம். பால் கறக்க ஆள் இருக்கா, வயசான பாட்டிக்கு சர்க்கரை மாத்திரை இருக்கா, ரப்பர் வெட்டப் போகிறவருக்கு நாள்கூலி நின்றால் வீட்டு வாடகை என்னாவது? இதற்கெல்லாம் கிராம நிர்வாக அலுவலர், ரேஷன் கடை, பேரூராட்சி என்று ஒவ்வொரு இடத்திலும் பேசி ஏற்பாடு செய்வது.

4. தொடர்புப் பட்டியல். நிபா மூளையைத் தாக்குவதால் நோயாளி பல நேரம் பேசும் நிலையில் இருக்க மாட்டார். யாரைப் பார்த்தார், எங்கே போனார் என்று குடும்பம்தான் சொல்ல வேண்டும். போலீஸ் விசாரணை மாதிரி கேட்டால் பாதி மறைந்துவிடும். நேற்று சாமான் வாங்கிக் கொடுத்த ஆள் கேட்டால் மீதிப் பாதியும் வெளியே வரும்.

5. குணமாகி வீடு திரும்பும் நாள். அதற்கு முன்பே தெருவில் உள்ளவர்களிடமும், பள்ளிக்கூடத்திலும், வேலை பார்க்கிற இடத்திலும் பேசி வைப்பது.

மரணத்துக்குப் பிறகு என்ன?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

2020 ஏப்ரலில் சென்னையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடியை உடைத்தார்கள். நண்பரான இன்னொரு டாக்டர்தான் ராத்திரியில் குழி தோண்டி அவரை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. இதன் பிறகு, அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

சட்டம் வேண்டும்தான். ஆனால் அடக்கத்துக்கு முந்தின நாளே அந்தப் பகுதி மக்களிடம் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்திருந்தால்?

ஆப்பிரிக்கா இதில் ஒரு பாடம் கற்றது. 2014இல் எபோலா பரவியபோது, முதலில் உடல்களைக் குடும்பத்திடம் காட்டாமலேயே புதைத்தார்கள். விளைவு, மக்கள் நோயாளிகளை மறைத்து வைத்தார்கள், ரகசியமாகச் சடங்கு செய்தார்கள். அதிலேயே தொற்று இன்னும் பரவியது. அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார அமைப்பு புதிய வழிமுறையை வெளியிட்டது. பாதுகாப்பாக மட்டும் அல்ல, கண்ணியமாகவும் அடக்கம் நடக்க வேண்டும். குடும்பத்தைக் கேட்டு, அவர்கள் மத வழக்கத்துக்கு இடம் கொடுத்து, தூரத்தில் நின்றாவது பார்க்க அனுமதித்து நடத்த வேண்டும் என்றது.

களியக்காவிளை வட்டாரத்தில் கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. எரிப்பவர்கள் உண்டு, புதைப்பவர்கள் உண்டு. உடலைக் குளிப்பாட்டுவது, முத்தமிடுவது, வாய்க்கரிசி போடுவது என்று வழக்கங்கள் பல. இதில் எது ஆபத்து, எதை மாற்றிச் செய்யலாம் என்று டாக்டரோடும் ஊர்ப் பெரியவர்களோடும் சேர்ந்து பேசி முடிவு செய்ய, இரண்டு பக்கமும் நம்புகிற ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

இல்லை. நமக்குப் பழகிய பாதைதான்.

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் செய்த ஆய்வு அது. பிறகு வந்த வருடங்களில் தமிழ்நாடு செய்த முக்கியமான காரியம், பரிசோதனை செய்யும் இடத்திலேயே ஒரு ஆலோசகரையும் உட்கார வைத்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். பரிசோதனைக்கு முன்னும் பேசுவார்கள், பின்னும் பேசுவார்கள். ரகசியம் காப்பார்கள். பேரிலேயே நம்பிக்கை என்று இருக்கிறது.

காசநோயிலும் இதே கதைதான். மாத்திரை இலவசம் என்றாலும், வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் சாப்பிடுவது எப்படி? அதனால்தான் 2018 முதல் காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.

எச்.ஐ.வி.க்கும் காசநோய்க்கும் நாம் செய்ததைத்தான் திடீர் தொற்றுநோய்க்கும் செய்யச் சொல்கிறோம். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே வருடக்கணக்கில் நேரம் கிடைத்தது. நிபாவில் சில நாட்கள்தான். நோய் வந்த பிறகு ஆள் தேடினால் காலம் கடந்துவிடும்.

களியக்காவிளைக்கு மட்டும் உள்ள சிக்கல் என்ன?

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோடு மாறியது, உறவு மாறவில்லை. அண்ணன் இங்கே ரேஷன் கார்டு வைத்திருப்பார், தங்கச்சியைப் பாறசாலையில் கட்டிக் கொடுத்திருப்பார்கள். பெரிய வைத்தியம் என்றால் ஆசாரிப்பள்ளம் போகிறவர்களும் உண்டு, நேரே திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு வண்டி ஏறுகிறவர்களும் உண்டு. ஸ்ரீசித்ரா, ஆர்.சி.சி. என்பவை இங்குள்ள வீடுகளில் அன்றாடம் புழங்குகிற பெயர்கள்.

2020 பொதுமுடக்கத்தில் இந்த வழக்கம் ஒரே நாளில் அறுந்தது. அந்த ஆண்டு மே மாதம் கேரளாவுக்குள் வர அனுமதிக்கப்பட்ட ஆறு எல்லை வாயில்களில் ஒன்று களியக்காவிளையை ஒட்டிய இஞ்சிவிளை. அங்கும் பாஸ் இருந்தால்தான் போக முடியும். அக்கரையில் ஆஸ்பத்திரியில் கிடப்பவரும் இக்கரையில் குடும்பமும் என்றால் என்ன செய்வது?

நாளைக்கு இப்படி ஒரு நிலைமை வந்தால் யோசித்துப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நிபா நோயாளி. அதே வார்டில் கூட நின்ற ஒருவர் களியக்காவிளைக்காரர். ஊருக்கு வந்துவிட்டார். அவர் பெயர் கேரளப் பட்டியலில் இருக்கும். அவர் வீடு தமிழ்நாட்டில். 21 நாள் யார் போன் செய்வது? அரிசி கிட் எந்த மாநிலம் கொடுப்பது? கேரளா எழுதிய மலையாளச் சீட்டை இங்கே யார் படிப்பது? அவர் மனைவி பாறசாலையில் தாய் வீட்டில் இருந்தால் அது யார் கணக்கு?

இரண்டு மாநில சுகாதாரத் துறைகளும் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளலாம். ஆனால் பட்டியல் என்பது பெயரும் நம்பரும்தான். அந்த நம்பரைக் கூப்பிட்டு, தமிழும் மலையாளமும் கலந்த இந்த ஊர்ப் பேச்சில் 'பயப்படாண்டாம், நான் இருக்கேன்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

பேரைக் காப்பாற்றுவது எப்படி?

கேரளாவில் தொற்று உறுதியானால் நோயாளி எந்த நாள், எந்த நேரம், எங்கெல்லாம் போனார் என்று 'ரூட் மேப்' வெளியிடுகிறார்கள். பெயர் இருக்காது. அங்கே இருந்தவர்கள் தாமாக முன்வர இது உதவுகிறது. பொது நலனுக்கு இது தேவை.

ஆனால் சின்ன ஊரில் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 'அந்தச் சாயாக்கடை, அந்தக் கல்யாண வீடு' என்றாலே போதும். அரை மணி நேரத்தில் போட்டோவோடு வாட்ஸ்அப்பில் சுற்றும். கொரோனா நேரத்தில் வீட்டு வாசலில் ஒட்டிய ஸ்டிக்கரும், தகரம் வைத்து அடைத்த தெருவும் என்ன செய்தன என்று நமக்குத் தெரியும். பலர் பரிசோதனைக்கே போகத் தயங்கினார்கள்.

எச்.ஐ.வி. விஷயத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ரகசியத்தைப் பாதுகாக்கிறது, பாகுபாட்டைத் தடுக்கிறது. திடீர் தொற்றுநோய்களுக்கு அப்படித் தெளிவான ஒரு வரம்பு வேண்டும். எந்தத் தகவலை ஊருக்குச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற முடிவில் நோயாளி குடும்பத்தின் சார்பில் பேச ஒருவர் இருக்க வேண்டும்.

சமூகப் பணியாளர் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. அதையும் சொல்லியாக வேண்டும்.

கையில் பணமும் அதிகாரமும் இல்லாத ஆள் ஆறுதல் மட்டும்தான் சொல்ல முடியும். அரிசி தர அரசு ஆணை இல்லை என்றால், 'அரிசி வரும்' என்று சொன்ன சமூகப் பணியாளர் பொய்யராகிவிடுவார். ஒருமுறை பொய்யரானால் அடுத்த முறை கதவு திறக்காது. தற்காலிக வேலையில், காப்பீடு இல்லாமல், கவச உடைகூடச் சரியாகக் கிடைக்காமல் அவரை வார்டு வாசலில் நிறுத்துவதும் நியாயம் இல்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும்.

அதனால் தேவை என்று நாம் கேட்பது இவைதான்.

• எல்லை மாவட்ட மருத்துவமனைகளில் தொற்றுநோய்த் தயார்நிலைத் திட்டத்திலேயே சமூகப் பணியாளரின் பெயரும் பொறுப்பும் இருக்க வேண்டும்.
• களியக்காவிளை போன்ற இடங்களுக்குத் தமிழும் மலையாளமும் பேசுகிறவர்களை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும்.
• திருவனந்தபுரம், கன்னியாகுமரி இரண்டு மாவட்டங்களின் ஆட்களும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும். பரவல் இல்லாத நாளிலேயே பேசிப் பழக வேண்டும்.
• கண்காணிப்பில் இருக்கும் குடும்பத்துக்கு உணவும் வருமான இழப்பீடும் எந்தக் கணக்கிலிருந்து என்று முன்பே எழுதி வைக்க வேண்டும்.
• சமூகப் பணியாளர்களுக்கும் மருத்துவ ஊழியர்களுக்கு உள்ள அதே பாதுகாப்பு, அதே காப்பீடு.

நீங்கள் என்ன செய்யலாம்?

கேரளாவில் நிபா நோயாளி இருந்த ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போயிருந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் மறைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 104, கேரளாவில் 1056 எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம். காய்ச்சல் வந்துவிட்டால் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் முதலில் போன் செய்யுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

வௌவால் கடித்த பழத்தைச் சாப்பிடாதீர்கள், பழங்களை நன்றாகக் கழுவுங்கள். மூடாத பானையில் இறக்கிய அக்கானியைக் குடிக்கும்போது கவனம் தேவை. வங்கதேசத்தில் பச்சையாகக் குடித்த ஈச்சம் பதநீர் வழியாக நிபா பரவியிருக்கிறது.

இன்னொன்று. பக்கத்து வீட்டில் ஒருவர் கண்காணிப்பில் இருப்பதாகத் தெரிந்தால், அவர் போட்டோவை குரூப்பில் போடாதீர்கள். கேட்டுக்கு வெளியே ஒரு கிலோ அரிசியும் நாலு வாழைக்காயும் வைத்துவிட்டு, போனில் சொல்லுங்கள்.

களியக்காவிளையில் அந்தக் கருவி நெற்றிக்கு நேராக நீளும்போது, உள்ளே இருப்பவர் தைரியமாக 'சாரே, ஒரு விஷயம் சொல்லணும்' என்று வண்டியை விட்டு இறங்க வேண்டும். அவர் இறங்குவாரா மாட்டாரா என்பது, சொன்ன பிறகு அவருக்கு நாம் என்ன செய்வோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.